துடுப்பில் கேட்ட இருமல்

எல்லாவற்றுக்கும் காரணம் போர்ச்சுகலில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி. திரையில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, முன்பல் விழுந்த வாய் மட்டும் தெரிந்தது. கை தூக்கினாள். "உங்க காற்றாலை சுத்துற சத்தம் தண்ணிக்குள்ள கேக்குமா? கேட்டா அங்க இருக்கிறவங்களுக்குத் தொந்தரவா இருக்காதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். அவள் பாட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பாள். இங்கே ஊர் ரெண்டாகிவிட்டது.

அதை எங்கள் மொழியில் ஊருக்குச் சொன்னவள் நான். எங்கள் ஊரான அப்பாசுக்கில் பள்ளிக்கூடத்தைப் பெருக்கி, அடுப்பு மூட்டி, வாத்தியார் வராத நாளில் சின்னப் பிள்ளைகளை மேய்ப்பது என் வேலை. டேனிஷ் பேச வரும் என்பதால் பயணக்குழு வந்ததிலிருந்து மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. விழாவிட்டாலும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம். ஒரு பெட்டி மூடியிருந்தால் உள்ளே என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் குழுவே ஒரு பெட்டி மாதிரிதான் வந்து இறங்கியது. வசந்தத்தில், கடல் உறைந்து கெட்டியாகக் கிடந்தபோது, பக்கத்துப் பெரிய ஊரான கானாக்கிலிருந்து பனிமேல் நாய்வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நாலு பேர். தலைவி ராக்னில்ட், நார்வேக்காரி, மூக்கு நுனி பனியில் கருகி உரிந்துபோனவள். வண்டிகளில் ஒரு காற்றாலை, சோலார் பேனல்கள், பேட்டரிப் பெட்டிகள். ஒரு சொட்டு டீசல் தொடாமல், காற்றையும் வெயிலையும் மட்டும் வைத்துக் கோடை முடிகிறவரை எங்கள் ஊரில் வாழ்ந்து காட்டுவது, அதைத் தினமும் உலகத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் காட்டுவது, இதுதான் அவர்கள் திட்டம். பூமியின் உச்சந்தலையில் முடிகிறது என்றால் உங்கள் ஊரில் ஏன் முடியாது என்று பிள்ளைகளைக் கேட்பார்கள். கோடைக் கடைசியில் கப்பல் வரும்போது அவர்கள் மட்டும் ஏறிப் போவார்கள், காற்றாலை எங்கள் பள்ளிக்கும் ஊர் இறைச்சிக் கிடங்குக்குமாக இங்கேயே நிற்கும் என்று பேச்சு.

சிறுமி கேட்டதற்கு ராக்னில்ட் மழுப்பவில்லை. "தெரியலைம்மா. கண்டுபிடிச்சுச் சொல்றோம்" என்றாள். எனக்கு அவளை அந்த இடத்தில்தான் பிடித்துப்போனது. ஆனால் பின்பெஞ்சில் ஓசிக் காபி குடித்துக்கொண்டிருந்த என் அண்ணன் காவியாக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். அவன் காபியைப் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

அண்ணன் கொம்பன் வேட்டைக்காரன். கொம்பன் என்றால் கொம்புத் திமிங்கிலம். கோடையில் பனி உடைந்ததும் கூட்டம் கூட்டமாக எங்கள் வளைகுடாவுக்குள் வரும். அதன் தோலும் கொழுப்பும் சேர்ந்த மத்தாக் இல்லாமல் எங்களுக்குக் குளிர்காலம் ஓடாது. அதற்குச் சத்தம் ஆகாது. அதனால் அது வருகிற பருவத்தில் ஊரை ஒட்டிக் கடலுக்குள் நீண்டிருக்கிற நிலமுனையைத் தாண்டி மோட்டார் படகு போகாது. ஒற்றை ஆள் தோணியான கயாக்கில் ஏறி, கையால் ஈட்டி எறிந்துதான் பிடிப்பார்கள். கரையில் பிள்ளைகள் தண்ணீரில் கல்லெறிந்தால் முதுகில் ஒன்று விழும். ஆணி அடிக்கக்கூட மாட்டோம். நாய்கள் ஊளையிடாமல் இருக்க வயிறு முட்டத் தீனி போட்டுவிடுவோம்.

அந்த வருடம் பனி உடைந்து வெகுநாளாகியும் கொம்பன் வரவில்லை. அடுத்த ஊரில் மத்தாக் தின்று ஏப்பம் விடுகிறார்கள் என்று ரேடியோவில் கேட்டுக் கேட்டு எங்கள் ஆட்களுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஏன் வரவில்லை என்று யாருக்கும் புரியாமல் இருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்து விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் காற்றாலையை அண்ணாந்து முறைத்தார்கள்.

கடலுக்குள் கேட்கிற கருவி ஒன்று குழுவிடம் இருந்தது. அதன் வயரை வந்த வாரமே எங்கள் நாய்கள் கடித்துத் தின்றுவிட்டன. அதனால் அண்ணன் எங்கள் வழியில் இறங்கினான். கரைக்குக் கொஞ்சம் தள்ளிக் கயாக்கை நிறுத்தி, துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் செருகி, பிடியைக் காதோரத் தாடை எலும்பில் வைத்துக்கொண்டான். வேட்டையில் கொம்பன் எந்தப் பக்கம் என்று அப்படித்தான் பார்ப்பார்கள். முனைக்கு அப்பால், வேட்டைக் கடலில்தான் அப்படிச் செய்வது வழக்கம். ஊருக்கு முன்னால் செய்து நான் கண்டதில்லை. அங்கே கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்போம்.

அண்ணன் முகம் இருண்டது. கரைக்கு வந்து, உள்ளே விடாமல் முனகுகிறது என்றான். மேலே காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது. வேறு சாட்சி எதற்கு. அன்றே இறக்கைகளைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். காலையில் மொத்தமாகக் கழற்றிக் கப்பலுக்குக் கட்டிவைப்பது என்று பள்ளிக்கூடத்தில் கூடி முடிவானது. ராக்னில்ட் சண்டை போடவில்லை. ஊரும் கடலும் உங்களுடையது என்றாள். ஆனால் அந்த உரிந்த மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், எனக்குப் பாவமாக இருந்தது.

எனக்கோ வேறு அரிப்பு. காற்றாலை தண்ணீருக்குள் எப்படி முனகும் என்று எனக்கு ஒருமுறையாவது கேட்க வேண்டும். நாளைக்குக் கழற்றிவிட்டால் என்றைக்குக் கேட்பது? கட்டிப் போட்டிருக்கிறது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் அவன் துடுப்பை எடுத்துக்கொண்டு கரைப் பாறையில் குந்தினேன்.

கேட்டது. ஒரே சீராக ஓடுகிற முனகல். அப்பாடா என்று ரசிக்கப் போனேன். அப்போதுதான் இடையில் ஒரு விக்கல் வந்தது. முனகல் ஒரு நொடி தடுக்கி, இருமி, மறுபடி பிடித்துக்கொண்டது. மேலே பார்த்தேன். இறக்கைகள் கயிற்றில் அசையாமல் கிடந்தன. துடுப்பில் மறுபடி அதே இருமல்.

அந்த இருமலோடு நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து படுத்துத் தூங்குகிறேன். அது என் புருஷன் இனுத்தெக்கின் என்ஜின்.

இனுத்தெக் ஊரின் பவர் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் வீட்டை ஒட்டித்தான் அந்தத் தகரக் கொட்டகை. உள்ளே ரெண்டு டீசல் என்ஜின். ஒன்றை ஓய விடுமுன் மற்றதைக் கிளப்பிவிடுவான், ஊரில் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டாது. அதுதான் அவன் பெருமை. கடல்நாயான சீல் வேட்டைக்குக் கூப்பிட்டால் வரமாட்டான், என்ஜின் தேடும் என்பான். அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடந்து கிடந்து அவனுக்குப் பேச்சே கத்தல்தான். நான் இன்றைக்கு என்ன சமைத்தேன் என்பது ஊருக்கே தெரியும், அவன் வாசலில் நின்று பாராட்டுவதால். நானும் அவனும் சின்னதிலிருந்து ஒன்றாக உருண்டவர்கள், வாடா போடா என்று வளர்ந்தோம். இன்றும் பேச்சில் மரியாதை கிடையாது. சண்டையில் தோற்கப் போகிறான் என்றால் சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான், அதற்குமேல் அவனிடம் ஒரு வார்த்தை ஏறாது. வீம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். காலையில் காற்றாலை போய்விடும், கொம்பன் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், என் வீட்டுக்காரன்மேல் யாரும் கை நீட்டப் போவதில்லை. ஆனால் ஒரு தப்பும் செய்யாத அந்தக் கம்பத்தைச் சாய்ப்பதை நின்று பார்க்க முடியுமா? அதையும்விட, அந்தப் போர்ச்சுகல் பிள்ளைக்கு நாளைக்கு என் வாயால் ஒரு பொய்யை மொழிபெயர்க்க வேண்டும். முதலில் அவனிடம் சொல்வோம் என்று வீட்டுக்குப் போனேன்.

சீல் சூப் குடித்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்து நேராகச் சொல்லிவிட்டேன்.

"கடலுக்குள்ள முனகுறது காத்தாடி இல்லடா. உன் என்ஜின். அந்த இருமலோட அப்படியே கேக்குது."

முதலில் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிவந்துபோனான். "அப்ப இத்தனை வருஷமா கொம்பன் வரலையா? அப்பவும் இதே என்ஜின்தானே ஓடிச்சு?" என்று கத்தினான். அது நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாது, ஆனால் காற்றாலைமேல் பழி போடுவது தப்பு என்று மட்டும் சொன்னேன். வந்து ஒருமுறை நீயே கேட்டுப் பார் என்றேன். அதற்குள் சுவர் பக்கம் திரும்பிவிட்டான்.

காலையில் கழற்ற ஆட்கள் கூடினார்கள். பெரிய ஸ்பேனர் ஊரில் இனுத்தெக்கிடம்தான் உண்டு, அதனால் அவனும் வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. குழுவின் டேனிஷ் எலக்ட்ரீஷியன் தோர்பென் வயர்களைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். இனுத்தெக் முதல் போல்டில் ஸ்பேனரை மாட்டினான். சொன்னால் வீட்டில் நிம்மதி போகும், சொல்லாவிட்டால் எனக்குள் நிம்மதி போகும்.

"அண்ணே, காத்தாடி கட்டித்தானே கிடக்கு. இப்ப ஒரு தடவை துடுப்பை வச்சுக் கேளேன்" என்றேன்.

அண்ணன் சலித்துக்கொண்டான். ஆனாலும் நியாயஸ்தன், போய்க் குந்தினான். துடுப்பைத் தாடையில் வைத்தான். நேரம் ஆக ஆக அவன் நெற்றி சுருங்கியது. அசையாத இறக்கைகளை அண்ணாந்து பார்த்தான். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பித் தகரக் கொட்டகையைப் பார்த்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. கடைசியில் இனுத்தெக்கும் நிமிர்ந்தான்.

"என்ன எல்லாரும் அங்க பாக்குறீங்க?" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "நீ சொன்னியா?"

"நான் இன்னும் சொல்லலை. அவனே கேட்டுட்டான்" என்றேன்.

ஸ்பேனரைப் பாறையில் போட்டான். அந்தச் சத்தத்துக்கு நாலு பேர் உதட்டில் விரல் வைத்தார்கள், அதில் அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. நிறுத்திக் காட்டுகிறேன், நிறுத்தின பிறகும் முனகினால் எல்லாரும் என் என்ஜினிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கத்திக்கொண்டே கொட்டகைக்கு நடந்தான். ரெண்டையுமா, இறைச்சிக் கிடங்கு உருகிவிடுமே என்று யாரோ கேட்டார்கள். அவன் திரும்பவில்லை.

என்ஜின் நின்றது.

எப்படிச் சொல்வது, காதிலிருந்து ஒரு தொப்பியைக் கழற்றினதுபோல் இருந்தது. எத்தனையோ வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் விழித்து அழுதன. நாய்கள் எழுந்து நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தூரத்தில் பனிப்பாறை ஒன்றிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. ராக்னில்ட்டின் ஜாக்கெட் உரசுவதுகூடக் கேட்டது. எங்கள் ஊர் இவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

இனுத்தெக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவன் நடக்கிற சரளைச் சத்தமே ஊர் முழுக்கக் கேட்டது. "இன்னும் முனகுதுல்ல?" என்றான். அந்த அமைதியில் அது இடிபோல விழுந்தது. அண்ணன் துடுப்போடு குந்தியிருந்தவன் அசையவே இல்லை.

இனுத்தெக் துடுப்பைப் பிடுங்கித் தன் தாடையில் வைத்துக்கொண்டான். கண்ணை மூடினான். பிறகு தோள் தளர்ந்தது. "ஒண்ணுமில்லை. நின்னுபோச்சு" என்றான். தோற்றதை ஒத்துக்கொண்ட ஆண்பிள்ளையின் குரல். என் கண் கலங்கியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

ஆனால் அண்ணன் அவனை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். துடுப்பை மெதுவாக வாங்கித் திரும்பத் தன் காதில் வைத்தான். அப்புறம் என் காதில் வைத்தான்.

உள்ளே கடல் நிறைய ஆட்கள் இருந்தார்கள். யாரோ நகத்தால் மரத்தைத் தட்டுகிறதுபோல் டிக் டிக் டிக் என்று ஓடி வந்தது, நெருக்கமாக, நெருக்கமாக, கடைசியில் கதவு கிறீச்சிடுவதுபோல் இழுத்து நின்றது. அதற்குப் பதில் வேறொரு பக்கத்திலிருந்து ஒரு விசில். கொம்பன். முனைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டிருக்கின்றன. எப்போது வந்தனவோ. ராக்னில்ட்டிடம் துடுப்பைக் கொடுத்தேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோர்பென் கேட்டான். வரிசையாக எல்லாரும் கேட்டார்கள்.

"மச்சான், திரும்பக் கேளு. முனகல் இல்லை, அதுக்குள்ள வேற இருக்கு" என்றான் அண்ணன், மிக மெதுவாக.

இனுத்தெக் வைத்தான். அண்ணன் பிடியை நகர்த்தி, எலும்போடு அழுத்திப் பிடித்தான். கரையில் நின்ற எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தோம். அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாருக்கும் ஏதோ கிடைத்திருக்கிறது, தனக்கு இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. அவன் என் பேச்சைக் கேட்டதே இல்லை, என் வாயைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். என்ஜினை உள்ளங்காலால் கேட்டிருக்கிறான். முகத்தைத் திருப்பினால் அவன் உலகத்தில் சத்தம் நின்றுவிடும். இத்தனை வருடம் அதை வீம்பு என்று திட்டிக்கொண்டிருந்தேனே, எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது. மூக்கு நீளம் என்று பீற்றிக்கொண்டவளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் காது தெரியவில்லை.

"எகிலானா" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டான். வளைகுடா முழுக்கக் கேட்டது. "அது எப்படி இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் கையை விரித்து வைத்து, உள்ளங்கையில் என் நகத்தால் தட்டினேன். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு கடைசியில் இழுத்து ஒரு கோடு. அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொரு தடவை என்றான். தட்டினேன்.

ஆட்கள் கயாக்குகளை இறக்கினார்கள். அன்று மூன்று கொம்பன். குழுவுக்கும் பங்கு வெட்டினோம். ராக்னில்ட் மத்தாக்கைத் துண்டு துண்டாக அறுத்து வைத்து, அதை மென்றுகொண்டே திரை முன்னால் உட்கார்ந்தாள். அதற்கு முன் என்ஜினை இன்னொரு முறை நிறுத்தி, காற்றாலையை அவிழ்த்துவிட்டு, அண்ணனை மறுபடி கேட்கச் சொல்லியிருந்தாள். பாறையை ஒட்டி ஒரு சின்ன முணுமுணுப்பு இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் இல்லை என்று அண்ணன் சொன்னான். அதை அப்படியே அந்தச் சிறுமிக்குச் சொன்னாள். கொம்பன் ஏன் தாமதமாக வந்தது, என்ஜினாலா, பனியாலா, வேறு எதனாலா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது என்றும் சொன்னாள். சிறுமி யோசித்துவிட்டு, அப்போ அடுத்த வருஷமும் கேளுங்க என்றாள். இந்த முறை முகம் சரியாகத் தெரிந்தது, விழுந்த முன்பல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

கப்பல் வந்தது, குழு போனது, காற்றாலை நிற்கிறது. கொம்பன் பருவத்தில், காற்றடிக்கிற நேரமாகப் பார்த்து, இறைச்சிக் கிடங்கைக் காற்றாலையிடம் ஒப்படைத்துவிட்டு என்ஜினை நிறுத்துவது என்று ஊர் முடிவெடுத்திருக்கிறது. யார் நிறுத்துவது என்று கேள்வியே வரவில்லை. தோர்பென் போகுமுன் எல்லா இணைப்பையும் காட்டிக் கொடுத்தது இனுத்தெக்குக்குத்தான். இப்போது கம்பத்தில் கை வைத்தே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுகிறான். கானாக்கில் காது பார்க்கிற டாக்டரிடமும் கூட்டிப் போனேன். மிஷின் ஒன்று கொடுத்தார். கதவு தட்டுவது கேட்கிறது, கொம்பன் கேட்கவில்லை.

அதனால் என்ஜினை நிறுத்தியதும் அவன் நேராகக் கரைக்கு வருகிறான். நான் துடுப்போடு குந்தியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கம் முகத்தைத் திருப்பி, உள்ளங்கையை நீட்டுவான்.